உழைப்பு என்றால் என்ன செய்யணும் சார்?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)

மதிய உணவுக்குப் பிறகு எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கண் சொருகும் நேரம் இது என்பது வகுப்பெடுக்கும் நமக்குத் தெரியாததா? அதனால் விளையாட்டைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஆனால் என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். மனக்கணக்கில் நான் கேள்வியை முடிக்கும் முன்பே விடை சொல்வான். எழுத்துத் தேர்வில் நாற்பதைத் தாண்ட மாட்டான். அவனுடைய மதிப்பெண் அட்டையில், குறிப்புக்கென்று இருக்கும் அந்த இரண்டு விரற்கடை இடத்தில், "திறமை உண்டு, உழைப்பு போதாது" என்று எழுதினேன். நம்மில் யார்தான் எழுதியதில்லை? கையெழுத்துப் போட வந்த அவன் அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டார்: "உழைப்புன்னா என்ன செய்யணும் சார்? சொல்லுங்க, செய்ய வைக்கிறேன்."

நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள் அம்மா என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். என் அக்கா மகன் கலிபோர்னியாவில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தபோது அமெரிக்கக் கால்பந்தின் பழைய ஆட்டங்களை எனக்குப் போட்டுக் காட்டினான். நம் பிள்ளைகள் ஆடுகிற கால்பந்து அல்ல இது. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்து ஆடுவது. குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை வீசுவார். எதிரணியினர் மறிக்க மறிக்க, ஓடிக்கொண்டே அதைப் பிடிப்பவர் ரிசீவர். பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்தால் டச்டவுன். உங்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கும் இதற்கு மேல் அதிகம் தெரியாது.

"மாமா, ரிசீவர்களில் யார் பெரியவர் என்று அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை" என்றான். ஒருவர் ஜெரி ரைஸ், மற்றவர் ராண்டி மாஸ். ரைஸ் உழைப்பால் வந்தவர், மாஸ் பிறவித் திறமை என்பதுதான் அந்தச் சண்டையின் சுருக்கம். எனக்கு உடனே என் மதிப்பெண் அட்டை நினைவுக்கு வந்தது.

ரைஸ் 1962-இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். அப்பா கொத்தனார். கோடை விடுமுறையில் பிள்ளைகளும் அவரோடு வேலைக்குப் போவார்கள். கீழிருந்து அண்ணன் தம்பிகள் வீசும் செங்கல்லைச் சாரத்தில் நின்று பிடிப்பது ரைஸின் வேலை. பள்ளியில் ஒரு நாள் வகுப்புக்கு மட்டம் போட்டு மாட்டிக்கொண்டார். பள்ளி நிர்வாகத்தில் இருந்தவரைக் கண்டதும் ஓட்டம் பிடித்தார். அந்த ஓட்டத்தைப் பார்த்தவர் கால்பந்துப் பயிற்சியாளரிடம் அதைச் சொன்னார், ரைஸ் அணியில் சேர்ந்தார். நாமாக இருந்தால் மறுநாள் பெற்றோரை அழைத்து வரச் சொல்லியிருப்போம். அதுவும் சரிதான், ஆனால் ஓட்டம் நம் கண்ணில் பட்டிருக்காது.

பெரிய கல்லூரிகள் எதுவும் அவரை வந்து அழைத்துப் போகவில்லை. மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் ஆடினார். 1985-இல் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணி அவரைப் பதினாறாவதாக எடுத்தது. அவருக்கு முன்பே வேறு இரண்டு ரிசீவர்களை மற்ற அணிகள் எடுத்துவிட்டன. நேர்க்கோட்டில் 40 கஜம் ஓடவைத்துக் கடிகாரம் பார்க்கும் தேர்வு ஒன்று உண்டு. அதில் அவர் வேகம் பெரிதாக இல்லை என்பது பரவலான கருத்து. முதல் ஆண்டில் கைக்கு வந்த பந்துகளைத் தவறவிட்டார். சொந்த மைதானத்து ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். அந்த ஆண்டு பிடித்தது 49 பந்துகள், 927 கஜம். அடுத்த ஆண்டு 86 பந்துகள், 1,570 கஜம்.

இடையில் அவர் செய்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சான் கார்லோஸ் என்ற ஊரருகே ஒரு குன்றுப் பாதை இருக்கிறது, இரண்டரை மைல் ஏற்றம். சக வீரர் ரோஜர் கிரெய்க் அதைக் காட்டிக்கொடுத்தார். விடுமுறைக் காலத்தில் ரைஸ் அதில் ஓடினார். கூட ஓட வந்த பலரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இன்னொன்றும் செய்தார், எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பயிற்சியில் பந்தைப் பிடித்தால் மற்றவர்கள் நாலடி ஓடிவிட்டுத் திரும்பி வருவார்கள். ரைஸ் ஒவ்வொரு முறையும், பார்க்க யாரும் இல்லாதபோதும், எல்லைக்கோடு வரை ஓடி முடித்துவிட்டுத்தான் திரும்புவார். பிடித்தவுடன் கண்ணும் காலும் அடுத்து எங்கே போக வேண்டும் என்பது அதிலேயே பழகிவிடுகிறது. 40 கஜத் தேர்வில் சுமாராகத் தெரிந்தவரை, ஆட்டத்தில் பின்னாலிருந்து துரத்திப் பிடிக்க முடியாமல் போனது.

பாருங்கள், அவருடைய உழைப்பை இன்னது இன்னது என்று சொல்ல முடிகிறது. இத்தனை மைல், இந்த இடம், இப்படி ஓடி முடிப்பது என்று சொல்லலாம். அந்த அம்மா என்னிடம் கேட்டதும் இந்த விவரம்தான்.

இருபது ஆண்டுகள் ஆடி, 1,549 பந்துகளும் 22,895 கஜமும் கணக்கில் வைத்துவிட்டு ஓய்வு பெற்றார். இரண்டாம் இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு 17,492 கஜம். இடைவெளியைக் கழித்துப் பாருங்கள், கணக்கு ஆசிரியன் என்பதால் கேட்கிறேன். நாற்பது வயதிலும் ஒரே பருவத்தில் ஆயிரம் கஜத்தைத் தாண்டியவர் அவர்.

மாஸ் வேறு வகை. 6 அடி 4 அங்குல உயரம், மான் போன்ற ஓட்டம். பள்ளி நாளில் கூடைப்பந்திலும் மேற்கு வர்ஜீனியாவின் சிறந்த வீரர். இளவயதில் சில வம்புகளில் சிக்கியதால் 1998-இல் இருபது தேர்வுகள் அவரைத் தாண்டிப் போயின. இருபத்தொன்றாவதாக மினசோட்டா எடுத்தது. அந்த ஆண்டே 17 டச்டவுன் பிடித்தார், அறிமுக வீரர்களில் அதுவே சாதனை. டல்லாஸ் அணிக்கு எதிராக ஓர் ஆட்டத்தில் மூன்றே பந்துகள் பிடித்தார், மூன்றும் டச்டவுன். மறிப்பவரின் தலைக்கு மேல் எம்பிப் பந்தைப் பறிப்பதற்கு அங்கே அவர் பெயரையே வினைச்சொல்லாக்கிவிட்டார்கள். 2001-இல், தனக்குத் தோன்றும்போதுதான் முழு மூச்சாக ஆடுவேன் என்ற பொருளில் ஒன்றைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். 'திறமை உண்டு, உழைப்பு போதாது' என்ற அட்டை அன்றே அவர் கழுத்தில் மாட்டப்பட்டுவிட்டது.

ஆனால் அடுத்து வருவதைக் கேளுங்கள். 2006-இல் தோற்றுக்கொண்டே இருந்த ஓக்லாந்து அணியில் அவர் பிடித்தது 42 பந்துகள், மூன்று டச்டவுன். முடிந்துபோன ஆள் என்று, நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்கு மாற்றாக நியூ இங்கிலாந்து அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். 2007-இல் அங்கே டாம் பிராடி வீச, 98 பந்துகள், 23 டச்டவுன். ஒரே பருவத்தில் 22 என்று ரைஸ் இருபது ஆண்டுகள் வைத்திருந்த சாதனையைத் தாண்டினார். (ரைஸின் ஆதரவாளர்கள் விடமாட்டார்கள். வேலைநிறுத்தம் நடந்த 1987-இல் அவர் 12 ஆட்டங்களில் அதைச் செய்தார், மாஸுக்கு 16 தேவைப்பட்டது என்பார்கள். நியாயம்தான்.) ஓராண்டு இடைவெளியில் அதே ஆள், அதே கால்கள். திறமை, உழைப்பு என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு இதை என்னால் விளக்க முடியவில்லை. பக்கத்தில் யார் இருந்தார்கள், பந்தை யார் வீசினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிரிவு மாறியதும் தலைநிமிர்ந்த பிள்ளைகளை நாமும் பார்த்திருக்கிறோம்.

மாஸ் உழைக்காமலா அந்த இடத்துக்கு வந்திருப்பார்? ரைஸுக்குத் திறமை இல்லாமலா சாரத்தில் நின்று செங்கல் பிடித்தார்? ஒருவரை உழைப்பாளி என்று சொல்லும்போதே அவர் திறமையில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறோம். மீத்திறன் மாணவர், மெல்ல மலரும் மாணவர் என்று பட்டியல் எழுதும் நமக்கு இது புரியாமல் இருக்காது.

ரைஸைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. நம் காலை வழிபாட்டுக் கூட்டங்களில் சொல்ல ஏற்ற கதை என்று நினைத்துத்தான் நானும் அவரைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். 2010-இல் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டபோது அவர் ஆற்றிய உரையைப் பார்த்ததும் தயங்கிவிட்டேன். தோற்றுவிடுவோமோ என்ற அச்சம்தான் வாழ்நாள் முழுக்கத் தன்னை ஓட்டியது என்றார். ஒரே வருத்தம், எப்போதும் உழைத்துக்கொண்டே இருந்ததில் ஆட்டத்தை அனுபவிக்க நேரமே எடுத்துக்கொள்ளவில்லை என்றார். 1997-இல் முழங்காலில் பலத்த காயம். மூன்றரை மாதத்தில் களத்துக்குத் திரும்பினார். திரும்பிய அந்த ஆட்டத்திலேயே முழங்கால் சில்லு உடைந்தது.

நூற்றுக்கு நூறு எடுத்துவிட்டும், அடுத்த தேர்வை நினைத்து முகம் வாடி நிற்கும் பெண் ஒருத்தி எல்லா வகுப்பிலும் இருக்கிறாள். அவள் அட்டையில் நான் இத்தனை ஆண்டுகளாக "மிக நன்று, தொடர்க" என்றே எழுதி வந்திருக்கிறேன். அவள் எதைத் தொடர வேண்டும் என்று சொன்னேனோ, எனக்கே தெரியாது.

அந்தப் பையனின் அம்மாவுக்கு இப்போது ஒரு பதில் வைத்திருக்கிறேன். அவன் வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதினான், அதனால்தான் மதிப்பெண் போனது. தினமும் மூன்றே கணக்கு, ஒரு வரியும் விடாமல், கடைசி விடைக்கு அடிக்கோடு போடுகிற வரை எழுதச் சொல்லுங்கள் அம்மா என்று சொல்லியிருக்கலாம். எல்லைக்கோடு வரை ஓடுவது அதுதான். அன்று அது எனக்குத் தோன்றவில்லை. அவன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். செல்பேசி பழுது பார்க்கும் கடையில் இருக்கிறான். போன மாதம் என் போனைக் கொடுத்தேன். பழுது என்ன என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே சொல்லிவிட்டான்.

அரையாண்டுத் தேர்வு அட்டைகள் முப்பத்தெட்டு என் மேசையில் இருக்கின்றன. குறிப்பு எழுதும் இடம் அதே இரண்டு விரற்கடைதான். பின்பக்கம் காலியாக இருக்கிறது, அதில் எழுதலாம் என்றிருக்கிறேன்.