இறையாண்மை கைமாறும் முன்: ஹாங்காங் உடன்படிக்கைகளின் பாடம்



ஓர் ஆட்சிப்பகுதி கைமாறுவதைப் பேசும்போது கொடியிறக்கமும் கொடியேற்றமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்த இரவுக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும் சட்ட வேலையை இக்கருத்தரங்கு ஆராய வந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஹாங்காங்கை முன்வைத்தே பேச விரும்புகிறேன்.

1984 டிசம்பர் 19 அன்று பிரிட்டனும் சீனாவும் பெய்ஜிங்கில் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. 1997 ஜூலை 1 முதல் ஹாங்காங் சீனாவின் சிறப்பு நிர்வாகப் பகுதி. அதன் சட்ட முறை ஐம்பது ஆண்டுகளுக்கு மாறாது என்பது உறுதிமொழி. ஆனால் ஹாங்காங்கில் மோசடி செய்துவிட்டு ஆம்ஸ்டர்டாமுக்கோ நியூயார்க்குக்கோ ஓடிப்போனவரை எந்தச் சட்டத்தின்கீழ் திரும்பக் கேட்பது? அதுவரை பிரிட்டன் செய்துகொண்ட ஒப்பந்தங்களே ஹாங்காங்குக்கும் பொருந்தி வந்தன. பிரிட்டன் விலகினால் அவையும் போய்விடும். விமானப் போக்குவரத்திலும் இதே சிக்கல்தான். இரண்டு நாடுகள் எழுதிக்கொண்ட பிரகடனம் மூன்றாவது நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியே பேசித்தான் தீர வேண்டும்.

பிரிட்டன் அதிகாரம் அளிக்க, ஹாங்காங் அரசு தன் பெயரிலேயே பேச்சு நடத்தியது. 1997க்குப் பின்னும் அந்த உடன்படிக்கை நிலைக்கச் சீனாவின் இசைவு வேண்டும். அதைப் பிரிட்டனும் சீனாவும் சேர்ந்த கூட்டுத் தொடர்புக் குழுவில் பெற்றார்கள். மேசையில் இரண்டு தரப்பு, பின்னால் லண்டனும் பெய்ஜிங்கும். தப்பியோடியோரை ஒப்படைக்கும் முதல் உடன்படிக்கை 1992 நவம்பரில் நெதர்லாந்தோடு கையெழுத்தானது. அமெரிக்காவோடு 1996 டிசம்பர் 20 அன்றுதான் முடிந்தது. இந்தியாவோடு 1997இல்.

அந்த அமெரிக்க உடன்படிக்கையை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஹாங்காங்கின் வெளியுறவுக்குப் பொறுப்பான அரசு எதுவோ, அதன் குடிமக்களை, அந்நாட்டின் பாதுகாப்போ வெளியுறவோ சம்பந்தப்பட்டிருந்தால் ஒப்படைக்க மறுக்கலாம் என்கிறது ஒரு பிரிவு. அதில் பிரிட்டனின் பெயரும் இல்லை, சீனாவின் பெயரும் இல்லை. கையெழுத்தான அன்று பிரிட்டனைக் குறித்தது, ஆறு மாதம் கழித்துச் சீனாவைக் குறித்தது. ஓர் எழுத்தையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. ஒப்படைக்கப்பட்டவரை, ஒப்படைத்த நாட்டின் சம்மதம் இல்லாமல் வேறு ஆட்சிப்பகுதிக்கு அனுப்பலாகாது என்கிறது இன்னொரு பிரிவு. ஹாங்காங்குக்கு அனுப்பியவரைச் சீனப் பெருநிலத்துக்குக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற அன்றைய அச்சத்துக்கு அதைவிட நேரான பதில் கிடையாது. இவற்றை எழுதிய வழக்கறிஞர்களை நான் மனமார மதிக்கிறேன்.

அச்சம் கற்பனையல்ல. ஹாங்காங்கில் லஞ்ச வழக்கில் தேடப்பட்ட சிகரெட் நிறுவன அதிகாரி ஒருவர் 1995 டிசம்பரில் பாஸ்டனில் கைதானார். விசாரணை முடிவதற்குள் ஹாங்காங் சீனாவுடையதாகிவிடும், ஆகவே தம்மை அனுப்பக் கூடாது என்று வாதாடினார். கீழ் நீதிமன்றம் ஏற்றது. 1997 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. பிரிட்டனோடு செய்த பழைய ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது, மாற்றத்தால் வரும் ஐயங்களை எடைபோடுவது அரசின் பொறுப்பு என்பது அதன் நிலை.

2020 ஜூன் 30 அன்று ஹாங்காங்கில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், நியூசிலாந்து, அமெரிக்கா ஆகியவை இவ்வுடன்படிக்கைகளை அடுத்தடுத்து நிறுத்திவைத்தன. பேச்சு நடத்தியவர்கள் தோற்றார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள என்னால் முடியவில்லை. விலகிக்கொள்ளும் உரிமையைச் சேர்த்தே எழுதியிருந்தார்கள். அது இருந்ததால்தான் பல நாடுகள் கையெழுத்திட முன்வந்தன என்றே கருதுகிறேன்.

எழுதப்படாமல் விட்டதே எனக்குக் கவலை. சீனப் பெருநிலத்தோடும் தைவானோடும் ஹாங்காங்குக்கு ஒப்படைப்பு ஏற்பாடு அமையவேயில்லை. 2018இல் தைவானில் நடந்த ஒரு கொலை அந்த இடைவெளியைக் காட்டியது. அதை அடைக்க 2019இல் வந்த மசோதா லட்சக்கணக்கானோரைத் தெருவுக்கு இழுத்து, கடைசியில் திரும்பப் பெறப்பட்டது. 1997க்கு முன் அந்த ஏற்பாட்டைப் பேசி முடித்திருக்க முடியுமா, முடிந்திருந்தாலும் பேசியிருக்கலாமா? முதல் அமர்விலேயே இக்கேள்வியை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.