சூரியனுக்கு ஒரு பென்சில்

நவி மும்பை ஐரோலியில் எங்கள் சொசைட்டி மொட்டை மாடியில் பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி வைத்து வானம் காட்டுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. ராத்திரி இங்கே ஐடி பார்க் வெளிச்சத்தைத் தாண்டி வியாழன் தெரிந்தாலே பெரிய விஷயம். அதனால் பகலில் தெரிகிற நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டோம். சூரியனைத்தான் சொல்கிறேன்.

கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. நீங்களும் பார்த்துவிடாதீர்கள், பார்வையே போய்விடும். தொலைநோக்கிக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தால் தட்டு மாதிரி ஒளிவட்டம் விழும். அதில் மிளகு சிந்தியதுபோல் கரும்புள்ளிகள். பிள்ளைகள் அவற்றின் மேலேயே பென்சிலால் குறிப்பார்கள். பூமி சுற்றுகிறதல்லவா, வட்டம் தாளைவிட்டு நழுவிக்கொண்டே போகும். "அங்கிள், சூரியன் ஓடுது!" என்று ஒரே கூச்சல். ஒரு சிறுமி ஓரத்தில் குறித்த புள்ளி, அடுத்த ஞாயிறு வட்டத்தின் நடுவுக்கு வந்திருந்தது. இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெயிலில் தூக்கிப் பிடித்தாள். சூரியன் தன்னைத்தானே சுற்றுவதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இதே வேலையை நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு வருஷத்துக்கு மேலாகச் செய்திருக்கிறார்கள். 1901இல் நோக்கத் தொடங்கினார்கள். 1904 முதல் மேகம் விலகிய நாளெல்லாம் கண்ணாடித் தகட்டில் சூரியனைப் படம் பிடித்தார்கள். புள்ளிகளைக் கையாலும் வரைந்து வைத்தார்கள். தாத்தா, அப்பா, பேரன் என்று ஒரே வீட்டில் மூன்று தலைமுறை அங்குள்ள தொலைநோக்கியோடு வாழ்ந்திருக்கிறது. எனக்கு இதை நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது.

அந்தச் சேமிப்பைத்தான் டெல்லி ஓவியர் ரோகிணி தேவாஷர் கலையாக்கினார். அவரே வானம் பார்க்கும் ஆர்வலர். 2016இல் நம் மும்பை பைகுல்லா பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்தில் அவர் கண்காட்சி நடந்தது. பிறகு கொடைக்கானல் சூரியன்களை வைத்து, 2023இல் நான்கு திரைகளில் ஓடும் படைப்பொன்றைச் செய்தார். பெயர் 'ஒரு லட்சம் சூரியன்கள்'. ஆய்வகத்துக்காரர்கள் அன்றாடக் கடமையாகக் குறித்து வைத்ததை அவர் ஓவியக் கண்ணோடு பார்த்தார். ஒருவர் கையை இன்னொருவர் கை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி.

நேரமாகிவிட்டது நேயர்களே. மே லீவுக்கு ஊர்ப்பக்கம் போய்க் கொடைக்கானல் ஏறுகிறவர்கள், ஏரியோடு திரும்பிவிடாமல் ஆய்வகத்தையும் எட்டிப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளின் தாள்களை இந்தத் தீபாவளிக்குள் சொசைட்டி ஹாலில் வரிசையாகத் தொங்கவிட வேண்டும் என்று ஓர் ஆசை. நடந்தால் நீங்களும் வர வேண்டும்.