மாறுவேடப் போட்டிக்கு எந்த வேடம்?



பள்ளியில் மாறுவேடப் போட்டி என்று அறிவித்துவிட்டால் போதும், வீடுகளில் பரபரப்பு தொடங்கிவிடுகிறது. "ஐயா, பிள்ளைக்கு என்ன வேடம் போடலாம்?" என்று தாய்மார்கள் எங்களைக் கேட்கிறார்கள். சிலர் கேட்பதற்கு முன்பே பட்டணத்துக் கடைக்குப் போய், ராஜா உடையையும் கிரீடத்தையும் வாடகைக்கு எடுத்து வந்துவிடுகிறார்கள். பாடுபட்டுச் சம்பாதித்த வெள்ளி, ஐந்து நிமிட வேடத்திற்குப் போய்விடுகிறது. இது தேவைதானா?

வேடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது, "இது அழகாக இருக்குமா?" என்பதன்று. "இந்த வேடத்தைப் பற்றி என் பிள்ளைக்கு நாலு வார்த்தை பேசத் தெரியுமா?" என்பதே. ஜிகினா உடையோடு மேடையேறி, பேச்சு வராமல் அம்மாவைத் தேடி அழும் பிள்ளைகளை நாங்கள் பார்க்கிறோம். உடை கனமாக இருக்கிறது. பேச வேண்டியதோ புரியவில்லை. பாவம், பிள்ளை என்ன செய்யும்?

தோட்டத்துப் பிள்ளைக்கு மிகவும் நெருக்கமான வேடம் ஒன்று உண்டு. அதுதான் பால்மரம் வெட்டுபவர் வேடம். "அந்த வேடமா? மற்றவர்கள் சிரிப்பார்களே!" என்று சில பெற்றோர்கள் தயங்குகிறார்கள். சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? ரப்பர் கன்றுகள் இந்த மண்ணுக்கு வந்தது 1877-ஆம் ஆண்டில். அதன்பின் காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியதிலும், அந்த மரங்களை வெட்டிப் பாலெடுத்ததிலும் நம் முன்னோர்களின் வியர்வை கலந்திருக்கிறது. இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. உளியையும் மங்கையும் தொட்டே பார்க்காத பிள்ளைகள் நம் வீடுகளில் வளர்கிறார்கள்.

ஆகவே, பிள்ளையைப் பாட்டியிடம் அனுப்புங்கள். விடியுமுன் ஏன் மரம் வெட்டினார்கள் என்று கேட்கட்டும். குளிர்ந்த வேளையில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும் என்று பாட்டி சொல்வார். மேடையில் பேச அதுவே போதும். பழைய நீளக்கைச் சட்டை, தலைத்துணி, ஒரு வாளி, பேட்டரி விளக்கு இருந்தால் வேடம் முடிந்தது. உளியை மட்டும் அட்டையில் வெட்டிக் கொடுங்கள். உண்மையான உளி வேண்டாம்.

தலைவர்களின் வேடம் போட விரும்பினால், துன் வீ. தி. சம்பந்தன் இருக்கிறார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்க, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தவர் அவர். இந்த வரலாற்றைச் சொல்லும்போது பெரியவர்களும் காது கொடுத்துக் கேட்பார்கள்.

அடுத்தது பாதுகாப்பு. பள்ளி நிகழ்ச்சிகளில் குத்துவிளக்கு ஏற்றுகிறோம். திருவள்ளுவருக்கும் ஔவையாருக்கும் பஞ்சை ஒட்டித் தாடியும் நரைமுடியும் செய்கிறோம். பஞ்சு ஒரு நொடியில் தீப்பிடிக்கும். நைலான் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். வேடமிட்ட பிள்ளையை விளக்கின் அருகே விடாதீர்கள். உடை கணுக்கால் வரை இருக்கட்டும். தரையில் புரண்டால் கால் தடுக்கும். கண்ணையும் மூக்கையும் மறைக்கும் முகமூடி வேண்டாம்.

தப்பித்தவறி உடையில் தீப்பிடித்தால், பிள்ளையை ஓடவிடாமல் தரையில் படுக்க வைத்து உருட்டுங்கள். தீ அணைந்ததும் சுட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பற்பசையோ கிச்சாப்போ பூசாமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிரிப்பு மூட்டுவதற்காகப் பைத்தியக்காரர் வேடம், ஊனமுற்றவர் வேடம், வேற்று இனத்தாரைக் கேலி செய்யும் வேடம் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். பிறர் துன்பத்தைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம், வேடத்தைக் கழற்றும்போது கூடவே கழன்று போவதில்லை.

எந்த வேடமானாலும், ஒரு வாரத்திற்கு முன்பே பிள்ளையோடு கலந்து பேசி முடிவு செய்யுங்கள். தினமும் மாலையில் வீட்டார் முன்னிலையில் பேசிப் பழகட்டும். பரிசு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பாட்டி எப்படி உழைத்தார் என்று பத்துப் பேர் முன்னால் தலைநிமிர்ந்து சொல்லக் கற்றுக்கொண்ட பிள்ளை, அந்தத் துணிவை வாழ்நாள் முழுவதும் வைத்திருக்கும்.