இனம்: உடலில் இருக்கிறதா, ஏட்டில் இருக்கிறதா?



பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திண்ட் 1913-இல் அமெரிக்கா போனார். முதல் உலகப் போரின்போது அந்நாட்டு ராணுவத்தில் தலைப்பாகையோடு பணியாற்றினார். ஆனால் குடியுரிமை கேட்டபோது சட்டம் குறுக்கே நின்றது. குடியேறி வந்தவர்களில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே அன்று குடிமக்களாக முடியும். திண்ட் வெள்ளையரா, இல்லையா? வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

அவருக்குச் சற்று முன்னால் அங்கே நின்றவர் தக்காவோ ஒசாவா என்ற ஜப்பானியர். தோல் வெளுப்பில் ஜப்பானியர் ஐரோப்பியருக்குக் குறைந்தவர்கள் அல்ல என்று அவர் தரப்பு வாதிட்டது. தோலின் நிறம் அளவுகோல் ஆகாது, காக்கேசிய இனத்தவரே வெள்ளையர் என்று சொல்லி, 1922 நவம்பரில் நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை மறுத்தது. திண்டுக்கு இது நம்பிக்கை தந்தது. அன்றைய இனவியல் அறிஞர்கள் பலர் வட இந்தியர்களைக் காக்கேசியர் என்றே வகைப்படுத்தியிருந்தார்கள். ஆனால் மூன்றே மாதத்தில், 1923 பிப்ரவரியில், அதே நீதிமன்றம் அறிஞர்களின் வகைப்பாட்டை ஒதுக்கியது. சாதாரண மனிதர் யாரை வெள்ளையர் என்று கருதுகிறாரோ அவரே வெள்ளையர் என்றது. இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லேண்ட். திண்ட் தோற்றார். முன்பே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது.

அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் பாருங்கள். 1920 முதல் 1940 வரை இந்தியர்களுக்கு அதில் 'இந்து' என்றொரு இனம் இருந்தது. சீக்கியரும் முஸ்லிமும்கூட அதற்குள்தான். 1970-இல் இந்தியர்கள் வெள்ளையர் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். 1980-இல் 'ஆசிய இந்தியர்' ஆனார்கள். ஒரே மக்கள், ஒரே உடல். மாறியதெல்லாம் ஏட்டில்தான்.

அப்படியானால் மனிதர்களுக்குள் உயிரியல் வேறுபாடே இல்லையா? உண்டு. ஆனால் அது இனத்தின் எல்லைக்குள் அடங்குவதில்லை. 1972-இல் மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் கணக்கிட்டபோது, மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் குழுவுக்குள்ளேயே இருப்பது தெரிந்தது. இனங்களுக்கு இடையே இருந்தது சுமார் 6 சதவீதம் மட்டுமே. சிக்கிள் செல் ரத்தசோகையைக் கறுப்பர்களின் நோய் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஆனால் அது நம் நீலகிரிப் பழங்குடிகளிடம் உண்டு, கிரேக்கத்தின் சில பகுதிகளிலும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களிடமோ அரிது. அந்நோய்க்குக் காரணமான மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு கிடைக்கிறது. அதனால் அது மலேரியா பரவிய நிலங்களில் நிலைத்தது. தோலின் நிறம் அதற்குப் பொருட்டே அல்ல.

இனம் உயிரியல் உண்மை இல்லை என்று சொல்லிவிட்டு நாம் எழுந்துபோக முடியாது. ஏட்டில் எழுதியது உடலைத் தொடுகிறது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ரத்தப் பரிசோதனையிலிருந்து கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. 2009-இல் வந்த சூத்திரம், நோயாளி கறுப்பர் என்றால் விடையைச் சுமார் 16 சதவீதம் கூட்டிக் காட்டியது. அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் தொடங்க அந்த அளவு 20 அல்லது அதற்குக் கீழே வரவேண்டும். மற்றவருக்கு 18 என்று வரும் அளவு, கறுப்பருக்கு 21 என்று வந்தது. ஒருவர் வரிசையில் சேர்ந்தார், இன்னொருவர் வெளியே நின்றார். 2021-இல்தான் இனத்தை நீக்கிய புதிய சூத்திரம் வந்தது. பழைய கணக்கால் இழந்த காத்திருப்புக் காலத்தைக் கறுப்பின நோயாளிகளுக்குத் திருப்பித் தரும்படி 2023-இல் மருத்துவமனைகளுக்கு உத்தரவும் வந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நோயாளியின் குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், முன்னோர் வாழ்ந்த நிலம் எது, உண்ணும் உணவு என்ன, செய்யும் வேலை என்ன என்று மருத்துவர் கேட்கட்டும். அவை பயனுள்ள கேள்விகள். இனம் என்ற ஒற்றைச் சொல் அவற்றுக்கு ஈடாகாது. அதே வேளையில், இனத்தின் பெயரால் யாருக்கு எது மறுக்கப்பட்டது என்ற கணக்கை அரசு கைவிடவும் கூடாது. நோயாளிகள் இழந்த காலம் அந்தக் கணக்கு இருந்ததால்தான் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது.