சிரிப்பில் யாருக்கு எந்த இடம்?



நகை பிறக்கும் இடங்கள் நான்கென வகுத்த தொல்காப்பியர் எள்ளலை முதலில் வைத்தார். பேதைமையையும் உடன் வைத்தார். பிறரை இகழ்ந்து நகுவது ஒன்று. அறியாமையால் விளையும் குழப்பம் கண்டு நகுவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே கூட்டத்தாரின் படங்களில் அருகருகே நின்ற வரலாற்றை இன்று காண்போம்.

அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் 1934 முதல் 1959 வரை ‘த்ரீ ஸ்டூஜஸ்’ என்னும் மூன்று கோமாளிகளைக் கொண்டு 190 குறும்படங்களை வெளியிட்டது. அடியும் உதையும் வழுக்கி விழுதலுமே அவற்றின் முதற்பொருள். மோ, லாரி, கர்லி மூவரும் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். 1940 சனவரியில் வெளிவந்த ‘யூ நாஸ்டி ஸ்பை’ படத்தில், யூதரைப் பகைத்த ஹிட்லரையே மோ நகையாடினார். சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ அவ்வாண்டு அக்டோபரில்தான் வந்தது. வலியவனை எளியவன் எள்ளிய எள்ளல் அது.

அதே ஆண்டில் ‘எ பிளம்பிங் வீ வில் கோ’ வெளிவந்தது. தொழிலறியாத மூவரும் தண்ணீர்க் குழாயை மின்கம்பி செல்லும் குழாயோடு இணைத்துவிட, அடுப்பிலும் விளக்கிலும் நீர் பீறிடுகிறது. சமையற்காரராக வரும் கறுப்பின நடிகர் டட்லி டிக்கர்சன் அவ்வெள்ளத்தோடு போராடும் காட்சி, 1949-லும் 1956-லும் வேறு படங்களில் மீண்டும் எடுத்தாளப்பட்டது. சிக்கனம் ஒரு காரணமே. ஆனால் நகைப்பூட்டாத காட்சியை யார் மீண்டும் காட்டுவார்? இத்துணைத் திறன் படைத்தவருக்கு இப்படங்களில் பெரும்பாலும் கிட்டியவை சமையற்காரர், ரயில் பணியாள் போன்ற ஏவல் வேடங்களே. நீர் எல்லோரையும் ஒன்றாகவே நனைத்தது. வேடங்களைப் பங்கிட்ட கை அவ்வாறு செய்யவில்லை.

1944-இல் வந்த ‘தி யோக்ஸ் ஆன் மீ’ இன்னும் வருந்தத்தக்கது. முகாமிலிருந்து தப்பிய ஜப்பானிய வழியினர் அதில் பகைவராகின்றனர். உண்மையில், 1942 முதல் ஏறத்தாழ 1,20,000 பேர் குற்றமேதும் மெய்ப்பிக்கப்படாமல் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். 1988-இல் அந்நாட்டு அரசே மன்னிப்புக் கோரியது. கொடியவனை எள்ளிய அதே கலைஞர்கள், நான்கே ஆண்டுகளில், அடைபட்டோரை எள்ளினர். இகழப்பட்ட இனத்தில் பிறந்ததொன்றே ஒருவரை நடுவுநிலையில் நிறுத்திவிடுவதில்லை.

ஆகவே இப்படங்களை எரித்துவிட வேண்டுமா? வேண்டா. பார்க்கலாம், சிரிக்கவும் சிரிக்கலாம். சிரித்தபின் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அடிபட்டவர் திருப்பி அடிக்க வல்லவரா? திறன் மிக்கவருக்கு உரிய இடம் கிடைத்ததா? இவற்றுக்கு விடை தேடுவோரின் சிரிப்பு குறைந்துவிடாது. அது அறிவோடு கூடிய சிரிப்பாகும்.