வாசலில் நாலு பூச்சட்டி

(டிவிசன் தாய்மார் கூட்டமொன்றில் எமது நலப் பிரிவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



காலையில் பெரட்டுக்குப் போய், மலையேறிக் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நீண்ட பேச்சு வேண்டாம். இன்றைக்கு நாம் பேசப்போவது வீட்டு வாசலில் வைக்கிற பூச்சட்டியைப் பற்றித்தான். "இதுக்குமா ஒரு கூட்டம்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

முதலில் எங்கள் தவறொன்றைச் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் அழகான வாசலுக்குப் பரிசு கொடுத்தோம். சட்டிகளை எண்ணித்தான் புள்ளி போட்டோம். படியின் இரண்டு பக்கமும், இஸ்தோப்பிலுமாகப் பதினொரு சட்டி வைத்திருந்த வீட்டுக்கு முதல் பரிசு கிடைத்தது. நாங்களும் கைதட்டினோம். மூன்று வாரம் கழித்து, மழை இரவில், அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பிரசவ வலி. கரண்டும் இல்லை. கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தபோது, முன்னால் பிடித்தவர் படியிலிருந்த சட்டியில் கால் இடறி விழுந்துவிட்டார். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த மனிதர் கணுக்கால் முறிந்து இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை. பரிசு கொடுத்தது நாங்கள். சம்பளத்தை இழந்தது அவர். அன்றிலிருந்து நாங்கள் சட்டிகளை எண்ணுவதில்லை, வழியைத்தான் பார்க்கிறோம்.

பல லயக் காம்பராக்களுக்கு வெளியே வர ஒரே வாசல்தான். தீப்பிடித்தாலும் அதுதான் வழி, மண் சரிந்தாலும் அதுதான் வழி. ஆகவே முதலாவது விதி இது: கதவுக்கு நேராகவும் படியிலும் ஒரு சட்டியும் வேண்டாம். இரண்டு பேர் ஒரு நோயாளியைத் தூக்கிக்கொண்டு வர, மூன்றடியாவது வெறுமையாக இருக்க வேண்டும். இடம் குறுகலா? ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். 7 பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்தவர்களுக்கு இடம் கொஞ்சம் கூட. அவர்கள் படியின் இரு பக்கமும் ஒவ்வொரு பெரிய சட்டி வைக்கலாம். உயரமானது சுவரோரம், குட்டையானது முன்னால். சின்னச் சின்னதாகப் பத்து வைப்பதைவிடப் பெரிதாக நாலு வைத்தால் பார்க்கவும் அழகு, தண்ணீர் ஊற்றவும் சுகம்.

இரண்டாவது, எதில் நடுவது? சீமெந்துச் சட்டி வாங்க வேண்டுமென்பதில்லை. பழைய பெயின்ட் வாளி, பால்மா டின், உடைந்த பேசின் எல்லாம் நல்லதுதான். ஆனால் புல்லுக்கு அடிக்கிற மருந்து வந்த கேனை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். எத்தனை தரம் கழுவினாலும் நஞ்சு முழுதாகப் போகாது. பிள்ளைகள் தொடுகிற இடம் வாசல்தானே. வாளியின் அடியில் ஆணியைச் சூடாக்கி நாலைந்து ஓட்டை போடுங்கள். ஓட்டையின் மேல் ஓட்டுத்துண்டு ஒன்றை வைத்து, மண் இரண்டு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். நமது தேயிலை மண் புளிப்புத் தன்மையுள்ளது. அதனால்தான் ஹைட்ரேஞ்சியா இங்கே நீலமாகப் பூக்கிறது. புளிப்பில்லாத மண்ணில் அதே செடி ரோஸ் நிறமாகப் பூக்கும்.

மூன்றாவது, தண்ணீர். இதை நன்றாகக் கேளுங்கள். சட்டிக்கு அடியில் தட்டு வைக்கிறோமே, அதில் நிற்கிற தண்ணீர்தான் டெங்கு நுளம்புக்குத் தொட்டில். முட்டை நுளம்பாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது. மாதக்கணக்கில் தட்டில் ஒட்டியிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். எனவே கொட்டினால் மட்டும் போதாது, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதைவிட நல்லது, தட்டையே விட்டுவிட்டு இரண்டு செங்கல்லின் மேல் சட்டியைத் தூக்கி வைப்பது. வடிகிற தண்ணீர் கானுக்குப் போகட்டும். 2017ஆம் ஆண்டில் நம் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவானார்கள். "நமக்குக் குளிர் நாடு, நுளம்பு வராது" என்று கண்டி, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத் தோட்டத்தார் சொல்ல முடியாது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, வளவில் நுளம்பு பெருக விடாமல் பார்ப்பது அங்கே குடியிருக்கிற நமது பொறுப்புந்தான்.

நாலாவது, எந்தச் செடி? வெயில் விழுகிற வாசலுக்கு ரோசா, ஜெரேனியம், செவ்வந்தி. நிழல் வாசலுக்குப் பிகோனியா, பன்னம். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே மாதம் தொடங்கித் தென்மேல் காற்று அடிக்கும். கூரைத்தண்ணீர் விழுகிற கோட்டிலிருந்து சட்டியை உள்ளே இழுத்து வையுங்கள். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரிப் பனியில் ஜெரேனியம் கருகும். இரவில் கூரைக்குக் கீழே வையுங்கள். தவழ்கிற பிள்ளை உள்ள வீட்டில் அலரி வேண்டாம். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. புள்ளியிலைச் செடியைக் கடித்தால் வாய் வீங்கும். ஒரு சட்டியில் கறிவேப்பிலையோ, கற்பூரவல்லியோ வைத்தால் சமையலுக்கும் ஆகும், சளிக்கும் ஆகும்.

ஒரு தாய் எங்களிடம் கேட்டார்: "ஐயா, நிலம் நமக்குச் சொந்தமில்ல, லயமும் நமக்குச் சொந்தமில்ல. பூச்சட்டி எதுக்குங்க?" எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. பக்கத்திலிருந்த இன்னொருவர் சொன்னார்: "நிலத்துல நட்டா விட்டுட்டுப் போகணும் அக்கா. சட்டியில நட்டா தூக்கிட்டுப் போகலாம்." எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் காணி உரிமை கேட்பதை அது நிறுத்திவிடாது. அது வேறு கேள்வி, அதைக் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். அதுவரைக்கும் இந்த நாலு சட்டியாவது நம் விருப்பப்படி நாம் வைத்ததாக இருக்கட்டும்.

வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, உள்ளேயிருந்து வாசல்வரை ஒரு தரம் நடந்து பாருங்கள். கால் எதில் இடிக்கிறதோ, அந்தச் சட்டியை இன்றைக்கே நகர்த்துங்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து நிமிஷம் ஒதுக்கித் தட்டு, வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் எத்தனை சட்டி என்று கேட்கமாட்டோம். வழி இருக்கிறதா என்றுதான் கேட்போம்.