நோய்க்கு ஜாதி உண்டா?

(காயல்பட்டினத்தில் நாம் பேசியதன் சுருக்கம்)



"இன்ன ஜாதியாருக்கு இன்ன வியாதி, அது ரத்தத்தோடு பிறந்தது" என்கிறார்கள் படித்தவர்கள். "எல்லாம் தலையெழுத்து" என்கிறார்கள் படியாதவர்கள். இரண்டும் ஒரே பேச்சுதான். பரிகாரம் தேட வேண்டியதில்லை என்று இரண்டுமே நம்மை உட்கார வைத்து விடுகின்றன.

கொழும்புக்கு வியாபாரத்திற்குப் போய்வந்த குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. ஆகையால் இலங்கைச் சங்கதியையே எடுத்துக் கொள்ளுவோம்.

19-ம் நூற்றாண்டில் திருநெல்வேலி, மதுரை, திருச்சி முதலிய ஜில்லாக்களிலிருந்து வெள்ளைக்காரத் துரைமார் கூட்டிச் சென்ற கூலிகளின் சந்ததியார், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் லயங்களில் வாழ்கிறார்கள். 1948-ம் வருஷச் சட்டத்தினால் அவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லாமற் போயிற்று. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தோருக்கு அது கிடைத்தது 2003-ல்! 2006-07-ல் எடுத்த கணக்குப்படி, தோட்டப் பகுதியில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 40 பேர் வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை. 2016-ல் அது 32 ஆயிற்று. நாடு முழுவதற்கும் 17 தான். பத்து வருஷத்தில் 40 என்பது 32 ஆயிற்றே, அந்த ஜனங்களின் ரத்தமா மாறிவிட்டது? தலையெழுத்தை யாராவது அழித்து எழுதினார்களா? அவ்வளவு சீக்கிரம் மாறக்கூடியது வாழ்நிலை ஒன்றுதான்.

இனி மனநோயைப் பார்ப்போம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கொடுத்த தவணை இரண்டு மணி நேரம். தமிழே பேசும் அந்த ஜனங்களில் அநேகர் புத்தளத்துக் குடிசைகளில் ஒண்டினார்கள். 20 வருஷங்கள் கழித்து வைத்திய ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்தபோதும், அவர்களில் ஏறக்குறைய 5-ல் ஒருவருக்கு மனநோய் இருந்தது. யுத்தம் முடிந்த 2009-ல் யாழ்ப்பாண ஜில்லாவில் சோதித்தபோது, ஏறக்குறைய 3-ல் ஒருவருக்குப் பதட்டமும், 5-ல் ஒருவருக்கு மேல் மனச்சோர்வும் காணப்பட்டன. அதிலும் வீடு திரும்ப முடியாதிருந்தவர்களுக்கே அதிகம். முன்னவர் முஸ்லிம்கள், பின்னவரில் பெரும்பாலோர் இந்துக்களும் கிறிஸ்தவர்களும். அடிபட்ட நெஞ்சு எந்த மதத்தாருடையதானால் என்ன?

நிற்க, நம் ஊருக்கு வருவோம். 2023 டிசம்பர் 18-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இங்கே 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இந்த ஜில்லாவில் ஒரு வருஷம் பூராவும் பெய்யும் மழையைவிட அது அதிகம். மழை மாடிவீட்டின் மேலும் குடிசையின் மேலும் ஒன்றாகத்தான் பெய்தது. ஆனால் வெள்ளம் வடிந்த பின் மாடிவீட்டுக்காரர் சுவருக்கு வெள்ளையடித்தால் போதும். குடிசைக்காரரோ வட்டிக்குக் கடன் வாங்க வேண்டும். மறுபடி மேகம் கறுக்கும்போது யாருடைய நெஞ்சு அதிகம் படபடக்கும்?

அப்படியிருக்க, தூக்கமில்லாமல் தவிக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து ஒருவர் "பேய்" என்கிறார். இன்னொருவர் "ஜின்" என்கிறார். ஒருவர் வேப்பிலை அடிக்கிறார். இன்னொருவர் தாயத்துக் கட்டுகிறார். அவளுக்கு என்ன நேர்ந்தது என்று மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை.

ஆகவே தோழர்களே! அப்படிப்பட்டவர்களை வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். வைத்தியர் உடம்பையும் மனதையும் பார்க்கட்டும். அவர்கள் குடியிருக்கும் இடத்தையும், குடிக்கும் தண்ணீரையும், பட்ட கடனையும் ஊரார் பார்க்க வேண்டும். சர்க்காரையும் பார்க்கச் செய்ய வேண்டும். தாயத்துக்கு ஆகும் பணத்தை இதற்குச் செலவிடுங்கள் என்று கேட்டுக் கொண்டு, இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.